அமெரிக்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டில் ஐடி சப்போர்ட் வேலை: சேர்வதிலிருந்து கோடைச் சுத்திகரிப்பு வரை

மிடில் ஸ்கூலில் ஒரு பீரியட் சுமார் 45 நிமிடம். வகுப்பறைப் பேனலில் (கரும்பலகைக்குப் பதிலாக இருக்கும் பெரிய தொடுதிரை) படம் வரவில்லை என்று டீச்சர் கூப்பிடுகிறார். அங்கே நின்று 20 நிமிடம் காரணம் தேடினால், பழுது கிடைத்தாலும் பாதிப் பாடம் போய்விட்டது. கையோடு கொண்டுபோன மாற்றுக் கேபிளைச் செருகி, இரண்டு நிமிடத்தில் படத்தை வரவழைத்து, பழைய கேபிளைச் சுருட்டிக்கொண்டு வெளியே வருபவரைத்தான் பள்ளியில் நல்ல டெக் என்பார்கள். கம்பெனி ஹெல்ப்டெஸ்க்கிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். முதலில் வகுப்பு ஓட வேண்டும், மெஷின் அப்புறம்.

அமெரிக்காவில் 13,000 சொச்சம் பப்ளிக் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்கள் இருக்கின்றன. 'டிஸ்ட்ரிக்ட்' என்றதும் நம்மூர் மாவட்டத்தை நினைக்க வேண்டாம். ஹவாய் மாநிலம் முழுக்க ஒரே டிஸ்ட்ரிக்ட்; டெக்சஸில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் தனி போர்டு, தனி பட்ஜெட், தனி சம்பள அட்டவணை. அதனால் கீழே சொல்வதில் சிறு வித்தியாசங்கள் ஊருக்கு ஊர் இருக்கும். வேலையின் சுபாவம் மாறாது.

வேலைக்குள் நுழைவது

பதவிப் பெயரை நம்பாதீர்கள். டெக்னாலஜி சப்போர்ட் ஸ்பெஷலிஸ்ட், சைட் டெக், ஃபீல்ட் டெக்னீஷியன் என்று என்ன பெயர் வைத்தாலும், உள்ளே இருக்கும் கடமைப் பட்டியலைப் படியுங்கள். 'ஒரு பள்ளிக்கு ஒருவர்' என்பதும் 'ஏழு பள்ளிகளுக்கு ஒருவர், சொந்தக் காரில்' என்பதும் வேறு வேறு வாழ்க்கை.

கலிஃபோர்னியாவில் பெரும்பாலான விளம்பரங்கள் எட்ஜாயின் தளத்தில் வரும். நியூயார்க்கில் பல பதவிகளுக்கு கவுன்ட்டி நடத்தும் சிவில் சர்வீஸ் தேர்வை எழுதியிருக்க வேண்டும். சிறிய டிஸ்ட்ரிக்ட்களுக்கு டெக் ஆட்களைப் 'போசிஸ்' என்ற வட்டாரக் கூட்டமைப்பு அனுப்பும். டெக்சஸில் 20 வட்டார சேவை மையங்கள் உண்டு, அங்கேயும் பாருங்கள்.

தகுதி என்று கேட்பது அதிகமில்லை: ஹைஸ்கூல் டிப்ளமோ, ஓரிரு வருட அனுபவம், முடிந்தால் காம்ப்டியா ஏ பிளஸ் சான்றிதழ் (இரண்டு தேர்வுகள்). இந்தியாவிலோ இலங்கையிலோ வாங்கிய பட்டம் இருந்தால் அதை அமெரிக்கப் பட்டத்துக்கு ஒப்பிட்டுத் தரும் மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் வைத்திருங்கள். பல டிஸ்ட்ரிக்ட்கள் அது இல்லாமல் பட்டத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. எச்-4 விசாவில் வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவர்கள், எல்-2 துணைவர்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். எச்-1பி ஸ்பான்சர் செய்வார்கள் என்ற எண்ணத்தில் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

வேலை கிடைத்ததும் கைரேகைச் சோதனை உண்டு. அது முடியும்வரை பள்ளி வளாகத்தில் கால் வைக்க விடமாட்டார்கள். சம்பளம் படி முறையில் ஏறும், அட்டவணை பொதுவெளியிலேயே இருக்கும். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. பத்து மாத வேலையா, பன்னிரண்டு மாத வேலையா? பத்து மாதம் என்றால் கோடையில் சம்பளம் இருக்காது. அடுத்தது, ஃபெடரல் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டி பிடிக்கிறார்களா? டெக்சஸில் பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்கள் மாநில ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தில் மட்டும் இருக்கின்றன, சோஷியல் செக்யூரிட்டியில் இல்லை. அந்த ஓய்வூதியத்துக்குத் தேவையான 40 கிரெடிட்டை எண்ணிக்கொண்டிருக்கும் புதுக் குடியேறிகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நேர்முகத்தில் ஏறக்குறைய நிச்சயமாக வரும் கேள்வி: "ஒரே நேரத்தில் நான்கு பேர் கூப்பிடுகிறார்கள், யாரிடம் முதலில் போவீர்கள்?" பிரின்சிபலிடம் என்று சொன்னால் தப்பான பதில். சரியான வரிசை இது.

முதலில் உயிர் சம்பந்தப்பட்டவை: அறைத் தொலைபேசி, பேஜிங் ஒலிபெருக்கி, கதவுப் பூட்டுக் கட்டுப்பாடு, கேமரா. அடுத்தது, பேச முடியாத குழந்தை பேசுவதற்குப் பயன்படுத்தும் ஐபேட். அந்தக் கருவி அந்தக் குழந்தையின் குரல். ஸ்பெஷல் எஜுகேஷன் திட்டமான ஐஇபியில் எழுதப்பட்டிருந்தால் அதைக் கொடுப்பது டிஸ்ட்ரிக்ட்டின் சட்டக் கடமை. அதற்கு அப்புறம், நடந்துகொண்டிருக்கும் மாநிலத் தேர்வு. பிறகு வருகைப் பதிவு. கலிஃபோர்னியா, டெக்சஸ் போன்ற மாநிலங்களில் மாநில நிதி தினசரி வருகையை வைத்து வருகிறது, அதனால் காலை 8:30க்கு மாணவர் தகவல் மென்பொருள் படுத்துக்கொண்டால் அது பணப் பிரச்சினை. இவற்றுக்குப் பின்னால்தான் பாடம் நடக்கும் வகுப்பறை, அப்புறம் ஆபீஸ் பிரின்டர், கடைசியில் யாருடைய புது மவுஸ் என்பதெல்லாம்.

முதல் வாரம்

பெல் அட்டவணையின் ஒரு பிரதியைச் சட்டைப்பையில் வையுங்கள். எந்த டீச்சருக்கு எந்த பீரியட் ஓய்வு என்று தெரிந்தால் பாதி டிக்கெட்டுகளை (உதவிக் கோரிக்கைகளை) பாடத்தைக் கெடுக்காமல் முடிக்கலாம். கட்டடத்தில் நெட்வொர்க் ஸ்விட்ச் அலமாரிகள் எங்கெங்கே, எந்தச் சாவி என்று நடந்தே பாருங்கள். அலமாரி சில பள்ளிகளில் துடைப்பம் வைக்கும் அறைக்குள் இருக்கும். ஆபீஸ் செக்ரட்டரியும் கஸ்டோடியனும் (கட்டடப் பராமரிப்பாளர்) உங்களுக்கு வேண்டிய இரண்டு பேர். யார் அறை மாறினார்கள், எந்தப் பிளக்கில் கரன்ட் இல்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

பையில் என்ன இருக்க வேண்டும்: 2 மீட்டர், 5 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் ஒவ்வொன்று, பேனலின் தொடு உணர்வுக்கான சதுர முனை யூஎஸ்பி கேபிள் ஒன்று, 45 வாட் டைப்-சி சார்ஜர், நெட்வொர்க் பேட்ச் கார்டு மூன்று, சிறிய நட்சத்திரத் திருப்புளி (0 மற்றும் 1 எண்), பிளாஸ்டிக் நெம்புகோல், குரோம் ரெக்கவரி ஏற்றிய 16 ஜிபி பென்டிரைவ், ஏஏ, ஏஏஏ பேட்டரிகள், டார்ச், லேபிள் ஒட்டும் மெஷின். பேனலில் படம் வருகிறது ஆனால் விரல் வைத்தால் வேலை செய்யவில்லை என்றால் பத்தில் எட்டு தடவை அந்தச் சதுர முனை யூஎஸ்பி கேபிள்தான். யாரோ மேசையை நகர்த்தும்போது கழன்றிருக்கும். அல்லது சுவர் வழியாக நீளக் கேபிள் போட்டிருப்பார்கள்: யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை, அதற்கு மேல் போனால் தொடு உணர்வு வரும், போகும். நடுவில் பூஸ்டர் உள்ள கேபிள் போட வேண்டும்.

பிள்ளைகள் இருக்கும் இடம் என்பதால் சில வழக்கங்கள். அறைக்கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள். மாணவருடன் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். கலிஃபோர்னியா உட்படப் பல மாநிலங்களில் பள்ளி ஊழியர் எல்லோரும், டெக் உட்பட, குழந்தை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தால் புகார் செய்யக் கடமைப்பட்டவர்கள். இன்னொன்று மிக முக்கியம்: மாணவரின் கருவியில் சிறுவர் சம்பந்தப்பட்ட ஆபாசப் படம் கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், 'ஆதாரத்துக்கு' என்று பென்டிரைவில் ஏற்றாதீர்கள். அதை வைத்திருப்பதே குற்றம். மூடியை மூடி, கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, உடனே பிரின்சிபலையும் உங்கள் மேலாளரையும் கூப்பிடுங்கள். மற்றதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும்.

குரோம்புக்: நாளின் பாதி

மாணவர்கள் கையில் பெரும்பாலும் குரோம்புக் (கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் லேப்டாப்), சிறு வகுப்புகளில் ஐபேட், ஆபீஸில் விண்டோஸ். குரோம்புக்கின் பெரிய வசதி, பிள்ளையின் வேலை எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருப்பது மட்டும்தான் கருவியை அழித்தால் போகும், அதை மட்டும் முதலில் கேளுங்கள்.

'ஆன் ஆகவில்லை' என்று வருவதில் பெரும்பகுதி வெறும் சார்ஜ் தீர்ந்தது. நன்றாக வேலை செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்த 45 வாட் சார்ஜரில் அரை மணி நேரம் போடுங்கள். வீட்டு ஃபோன் சார்ஜரில் போட்டுவிட்டு ஏறவில்லை என்று கொண்டுவருவார்கள். அப்புறமும் அசையவில்லையா, ரெஃப்ரெஷ் விசையை அழுத்திக்கொண்டே பவரைத் தட்டுங்கள். இது ஹார்டுவேர் ரீசெட், எதையும் அழிக்காது. ஆன் ஆகி லாகின் திரையில் சிக்கினால் கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஆர் நான்கையும் சேர்த்து அழுத்திப் பவர்வாஷ், அதாவது கருவியை முழுக்க அழித்துப் புதிதாக்குவது. அட்மின் கன்சோலில் (டிஸ்ட்ரிக்ட் தன் குரோம்புக்குகளை நிர்வகிக்கும் கூகுள் தளம்) அதைத் தடுத்து வைத்திருந்தால் வேலை செய்யாது. அப்போது கன்சோலிலிருந்தே அழிக்கலாம். 'குரோம் ஓஎஸ் காணவில்லை அல்லது சேதம்' என்ற திரை வந்தால் எஸ்கேப், ரெஃப்ரெஷ், பவர் மூன்றும், பின்னர் ரெக்கவரி பென்டிரைவ். அழித்த கருவி வைஃபையில் ஏறியதும் தானாகவே டிஸ்ட்ரிக்ட் நிர்வாகத்துக்குள் வந்துவிடும். வரவில்லை என்றால் லாகின் செய்யும் முன் கண்ட்ரோல், ஆல்ட், ஈ. முதலில் யாராவது லாகின் செய்துவிட்டால் மறுபடி அழித்துவிட்டுத்தான் சேர்க்க முடியும்.

பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்காமல் சான்றிதழ்ப் பிழை காட்டினால், வைஃபையைத் திட்டும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். விடுமுறையில் பேட்டரி முழுக்க வற்றிய கருவிகளில் தேதி பின்னால் போயிருக்கும்.

டிராக்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா, கீழ் மூடி வளைந்திருக்கிறதா? பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜில் போடாதீர்கள், நெம்பாதீர்கள், கருவிகளை மொத்தமாக சார்ஜ் ஏற்றும் தள்ளுவண்டியான கார்ட்டில் வைக்காதீர்கள். தீப்பிடிக்காத பெட்டியில் தனியாக வைத்து பேட்டரிக் கழிவுக்கு அனுப்புங்கள். 2025 மே மாதம் டிக்டாக்கில் பரவிய ஒரு விளையாட்டில் பிள்ளைகள் யூஎஸ்பி துளையில் உலோகத்தையும் பென்சில் முள்ளையும் செருகிப் புகைவிட்டார்கள். அதிலிருந்து, சார்ஜ் ஏறவில்லை என்று வரும் கருவியின் துளைக்குள் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அதிகம் செய்யப்போகும் பழுது திரை மாற்றுவது. பழகிய கைக்கு 15 நிமிடம்.

1. முதலில் உடைந்த திரையின் பின்னால் இருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பேனல் எண்ணைப் பார்த்து அதே எண்ணை ஆர்டர் செய்யுங்கள். குரோம்புக் மாடல் பெயரை மட்டும் வைத்து வாங்காதீர்கள். ஒரே மாடலில் தொடுதிரை இல்லாததற்குப் பெரும்பாலும் 30 முனை இணைப்பு, தொடுதிரைக்கு 40 முனை. மாற்றி வாங்கினால் செருகவே முடியாது.

2. ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றி, கீழ் மூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பைப் பிடுங்குங்கள். 'ஆஃப் செய்தாச்சே' என்று இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள் நிறைய. கரன்ட் இருக்கும்போது திரைக் கேபிளைச் செருகினால், மெயின்போர்டில் பின்னொளிக்கான சின்ன ஃபியூஸ் போகும். அப்புறம் புதுத் திரையிலும் வெளிச்சம் வராது, டார்ச் அடித்துப் பார்த்தால் மட்டும் படம் மங்கலாகத் தெரியும். 15 நிமிட வேலை போர்டு மாற்றும் வேலையாகிவிடும்.

3. திரையைச் சுற்றியுள்ள சட்டத்தைப் பிளாஸ்டிக் நெம்புகோலால், விரலை உள்விளிம்பில் வைத்து, மெதுவாகக் கழற்றுங்கள். சில மாடல்களில் ரப்பர் பொட்டுகளுக்குக் கீழே திருகு ஒளிந்திருக்கும். கேமரா பக்கம் அவசரப்படாதீர்கள், அந்தக் கேபிள் மெல்லியது.

4. பேனலைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றி, முகத்தைக் கீபோர்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். சில புது மாடல்களில் திருகே இருக்காது, இழுத்தால் நீளும் ஒட்டுப் பட்டைகள்தான். பட்டையைத் தாழ்வாக, சமமாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் அறுந்துபோகும்.

5. இணைப்பின் மேல் உள்ள டேப்பை உரித்து, சிறிய கம்பித் தாழை நிமிர்த்தி, பேனலுக்கு இணையாகப் பக்கவாட்டில் இழுங்கள், மேலே அல்ல.

6. புதுத் திரையை மாட்டி, சட்டத்தைப் போடும் முன்னரே பேட்டரியைச் செருகி ஆன் செய்து பாருங்கள். கோடு, புள்ளி, தொடு உணர்வு எல்லாம் சரியென்றால் மறுபடி ஆஃப், பேட்டரியைப் பிடுங்கி, சட்டத்தை மூடுங்கள்.

மெயின்போர்டை மாற்றினால் அந்தக் கருவிக்குச் சீரியல் எண் புதிதாக எழுத வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் அட்மின் கன்சோல் அதை வேறு கருவியாகவே பார்க்கும். புதுக்கருவி வாங்கும் முன் கூகுளின் புதுப்பிப்புக் காலாவதித் தேதியையும் பாருங்கள். 2021 முதல் வந்த மாடல்களுக்கு 10 வருடம் புதுப்பிப்பு உண்டு. அந்தப் 10 வருடம் மாடலின் அடிப்படை வன்பொருள் வெளியான நாளிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. மலிவாகக் கிடைக்கிறது என்று நான்கு வருடப் பழைய மாடலில் 600 கருவி வாங்கினால் கையில் அதிகபட்சம் ஆறு வருடம்தான்.

உதிரிக் கணக்கு: 100 மாணவருக்கு 5 முதல் 8 மாற்றுக் கருவிகள், முழு சார்ஜில், லைப்ரரியில். பிள்ளை உடைந்ததைக் கொடுத்துவிட்டு மாற்றை வாங்கிக்கொண்டு அடுத்த பீரியடுக்கு ஓட வேண்டும். ரிப்பேர் உங்கள் நேரத்தில் நடக்கட்டும்.

சார்ஜிங் கார்ட்: மின்கணக்கு

'மதியம் கார்ட் சார்ஜ் ஆகவே இல்லை' என்று டிக்கெட் வந்தால் கார்ட்டைப் பிரிக்கும் முன் கணக்குப் போடுங்கள். 30 சார்ஜர், தலா 45 வாட் என்றால் 1,350 வாட். 120 வோல்ட்டில் 15 ஆம்பியர் சர்க்யூட் தாங்குவது 1,800. தொடர்ந்து ஓடும் சுமைக்கு அதில் 80 சதவீதம், அதாவது 1,440. ஒரு கார்ட் தப்பிக்கும். அதே சர்க்யூட்டில் அடுத்த அறையின் கார்ட்டும் இருந்தால் பிரேக்கர் விழும். 20 ஆம்பியர் சர்க்யூட்டிலும் இரண்டு கார்ட்டுக்கு இடமில்லை. இரண்டு அறைகளின் பிளக்குகள் ஒரே பிரேக்கரில் இருப்பது பழைய கட்டடங்களில் சகஜம். கஸ்டோடியனிடம் கேட்டு எது எதில் என்று பெயின்டர் டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். பாதி பாதியாக மாற்றி மாற்றி சார்ஜ் ஏற்றும் டைமர் உள்ள கார்ட்டுகள் இந்தத் தொல்லையைத் தவிர்க்கும். எக்ஸ்டென்ஷன் பலகையில் கார்ட்டைச் செருகியிருந்தால் உடனே கழற்றுங்கள். தீயணைப்பு ஆய்வாளர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

'இன்டர்நெட் இல்லை'

முதல் கேள்வி: ஒருவருக்கா, ஒரு அறைக்கா, முழுப் பள்ளிக்கா? இதைக் கேட்காமல் ஏணியைத் தூக்காதீர்கள்.

ஒருவருக்கு மட்டும் என்றால் கருவியை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அறைக்கு என்றால் கூரையில் உள்ள, வைஃபை தரும் பெட்டியான ஆக்சஸ் பாயின்ட்டின் விளக்கைப் பாருங்கள். விளக்கே இல்லையென்றால் ஸ்விட்ச்சிலிருந்து கேபிள் வழியாகக் கரன்ட் வரவில்லை. கேபிள் வழி மின்சாரத்துக்கு ஸ்விட்ச்சில் ஒரு மொத்த வரம்பு உண்டு: 370 வாட் வரம்புள்ள ஸ்விட்ச்சில் 30 வாட் ஒதுக்கீடு கேட்கும் கருவிகள் 12தான் நிற்கும். யாரோ புதிதாகக் கேமராக்களைச் செருகியதும் கடைசி அறையின் ஆக்சஸ் பாயின்ட் படுத்துவிடும்.

விளக்கு இருக்கிறது, கருவி வைஃபையில் சேருகிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் அதற்கு யாரும் முகவரி கொடுக்கவில்லை. போர்ட் தவறான விலேனில் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவு) இருக்கலாம், அல்லது முகவரித் தொகுப்பு தீர்ந்திருக்கலாம். 254 முகவரி உள்ள தொகுப்பில் பத்து வகுப்பு, தலா 30 குரோம்புக், பிள்ளைகளின் ஃபோன்கள் எல்லாம் ஏறினால் முதல் பீரியடிலேயே காலி. தொகுப்பைப் பெரிதாக்கி, ஒரு கருவி முகவரியை வைத்துக்கொள்ளும் குத்தகை நேரத்தை 8 மணி நேரத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். முகவரி சரியாக இருக்கிறது, ஆனால் பக்கம் வரவில்லை என்றால் டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) அல்லது ஃபில்டர் (தகாத தளங்களைத் தடுப்பது).

முழுக் கட்டடமும் ஊர்ந்துகொண்டிருந்தால் ஒரு லூப்பைச் சந்தேகியுங்கள். தரையில் தொங்கிய பேட்ச் கார்டின் இரண்டு முனைகளையும் நல்லெண்ணத்தில் யாரோ சுவரில் இரண்டு போர்ட்டிலும் செருகியிருப்பார்கள். ஸ்விட்ச் ஓரப் போர்ட்டுகளில் லூப் பாதுகாப்பு வைத்திருந்தால் அந்தப் போர்ட் மட்டும் மூடிக்கொள்ளும், இல்லையென்றால் பள்ளி முழுக்க படுக்கும்.

தொலைபேசியிலும் ஒரு பொறி உண்டு. டீச்சர் அறை மாறும்போது தன் ஐபி ஃபோனையும் தூக்கிக்கொண்டு போய்ப் புது அறையில் செருகுவார், எண் அப்படியே வேலை செய்யும். ஆனால் அவசர எண் 911ஐ அழைத்தால் பழைய அறையின் இடம் போகலாம். அழைப்போடு எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்த அறை என்று போக வேண்டும் என்பது ரே பாம் சட்டம். முன்னொட்டு எண் இல்லாமல் நேராக 911 போக வேண்டும் என்பது காரி சட்டம். ஃபோன் நகர்ந்தால் இருப்பிடப் பதிவும் அன்றே நகர வேண்டும்.

தேர்வு வாரம்

மாநிலத் தேர்வுகள் பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வும் அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் முழுக்க கணினியில், புளூபுக் செயலியில். இரண்டு வாரம் முன்னதாகத் தொடங்குங்கள். தேர்வுச் செயலியின் பதிப்பு, குரோம் ஓஎஸ் பதிப்பு இரண்டும் தேர்வு நிறுவனம் சொன்ன பட்டியலில் இருக்கிறதா? ஒவ்வொரு கருவியையும் ஒரு தடவையாவது ரீஸ்டார்ட் செய்யுங்கள், புதுப்பிப்பு அப்போதுதான் ஏறும். பிறகு அந்த வாரம் முழுக்கத் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி, நெட்வொர்க்கில் எந்த மாற்றமும் இல்லை என்று எழுத்தில் அறிவியுங்கள். ஃபயர்வால் ஆட்களுக்கும் சேர்த்துத்தான்.

தேர்வு நாளில் கருவி உறைந்தால் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். சில செயலிகள் இணைப்பு அறுந்தால் விடைகளை அந்தக் கருவிக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கும். பவர்வாஷ் செய்தால் பிள்ளையின் ஒரு மணி நேர உழைப்பு போய்விடும். மேற்பார்வையாளரிடம் சொல்லி, நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டுவிட்டுத் தொடுங்கள். திரையில் உள்ள கேள்வியைப் படிக்கக் கூடாது, ஃபோனை அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. தேர்வுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் நீங்களும் கையெழுத்திட்டிருப்பீர்கள்.

ஃபில்டர், தனியுரிமை, திருட்டு

பள்ளி இணையத்துக்கு ஃபெடரல் தள்ளுபடி தரும் திட்டம் இ-ரேட். 1996 தொலைத்தொடர்புச் சட்டத்தில் பிறந்தது. ஏழ்மை விகிதத்தைப் பொறுத்து 20 முதல் 90 சதவீதம்வரை தள்ளுபடி. 2000 டிசம்பரில் வந்த சிபா சட்டம் அந்தத் தள்ளுபடிக்கு நிபந்தனையாக ஃபில்டரைக் கேட்கிறது. ஆகவே 'ஒரு நாளைக்கு மட்டும் ஃபில்டரை எடுத்துவிடுங்கள்' என்று யார் கேட்டாலும் வாய்வார்த்தையில் செய்யாதீர்கள். தனித் தளத்துக்கு அனுமதி என்றால் டிக்கெட், பெயர், காரணம், தேதி.

பிள்ளைகள் ஃபில்டரைத் தாண்டுவது ஓயாத விளையாட்டு. குரோம்புக்கையே நிர்வாகத்திலிருந்து கழற்றும் வழிகளும் வந்தன, 2023இல் பரவிய ஷிம்மர் அப்படி ஒன்று. ஒவ்வொரு கருவியையும் துரத்த வேண்டாம். வாரம் ஒருமுறை அட்மின் கன்சோலில் 'கடைசி ஒத்திசைவு' தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். மாணவர் தினமும் பள்ளிக்கு வருகிறார், கருவி மூன்று வாரமாகப் பேசவில்லை என்றால் அந்தக் கருவியை வரவழைத்துப் பாருங்கள்.

மாணவர் பதிவுகளைப் பாதுகாப்பது 1974இன் ஃபெர்பா சட்டம். 13 வயதுக்குக் கீழுள்ளவர்களின் ஆன்லைன் தகவலுக்கு 1998இன் கோப்பா. உங்கள் அட்மின் கணக்கால் எல்லாம் தெரியும் என்பதற்காகப் பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண்ணைப் பார்க்கக் கூடாது. தமிழ்ச் சங்கத்தில் யாராவது சிரித்துக்கொண்டே கேட்பார்கள். மறுத்துவிடுங்கள்.

தாக்குபவர்களுக்கும் பள்ளி நாட்காட்டி தெரியும். லாஸ் ஏஞ்சலிஸ் டிஸ்ட்ரிக்ட் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேரில் சிக்கியது 2022 செப்டம்பர் லேபர் டே வார இறுதியில். மாணவர் தகவல் மென்பொருளான பவர்ஸ்கூலில் நடந்த பெரும் திருட்டு 2024 டிசம்பரில், குளிர்கால விடுமுறைச் சமயத்தில், திருடப்பட்ட ஒரு லாகினைக் கொண்டு. நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள் வேலை விட்டவர்களின் கணக்குகளை மூடுங்கள், பேக்கப் ஓடியதா பாருங்கள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று தொலைபேசியில் வந்தால் அவருடைய அறை எண்ணுக்கு நீங்கள் திரும்பக் கூப்பிட்டு உறுதிசெய்யுங்கள். ஏதோ ஒரு கணினியில் ஃபைல்களின் பெயர்கள் மாறிக்கொண்டே போகின்றன என்றால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி வைஃபையை அணையுங்கள். மெஷினை ஆஃப் செய்யாதீர்கள், நினைவகத்தில் தடயம் இருக்கும். மேலாளரிடம் ஃபோனில் சொல்லுங்கள், மின்னஞ்சலில் அல்ல.

கோடை

பிள்ளைகள் போனதும் வேலை குறையும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஜூன் முதல் வாரத்தில் கஸ்டோடியன்கள் தரைக்கு மெழுகு போடத் தொடங்குவார்கள். ஒவ்வொரு அறையும் காலியாகும், ஒவ்வொரு கேபிளும் பிடுங்கப்படும். அவர்களுடைய அட்டவணையை மே மாதத்திலேயே வாங்கி, ஒரு நாள் முன்னால் போய், மேசைப் பின்புறத்தைப் புகைப்படம் எடுத்து, கேபிள்களுக்கு அறை எண் ஒட்டி, தரையில் இருப்பதை எல்லாம் மேசைமேல் ஏற்றிவிடுங்கள். மேலே சொன்ன லூப், கழன்ற யூஎஸ்பி கேபிள் எல்லாம் ஆகஸ்டில் மொத்தமாக வருவது இதனால்தான்.

திரும்பி வரும் கருவிகளை நான்கு குவியலாகப் பிரியுங்கள்: நல்லது, திரை, மற்ற பழுது, புதுப்பிப்புக் காலாவதியானது. ஸ்கேன் செய்யாமல் எதையும் குவியலில் வைக்காதீர்கள். துடைக்க 70 சதவீத ஐசோபுரோப்பைல், துணியில் நனைத்து. கருவியின் மேல் நேராகத் தெளித்தால் கீபோர்டு போகும். கழித்துக்கட்டும் கருவிகளுக்கு போர்டு ஒப்புதல் வேண்டும். கன்சோலிலிருந்து நீக்காமல் விற்றால் வாங்கியவர் வீட்டிலும் உங்கள் டிஸ்ட்ரிக்ட் பெயரே வரும். ஃபெடரல் பணத்தில் வாங்கியவற்றைத் தனியாகக் குறியுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நேரில் எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டும், ஏழை மாணவர்கள் அதிகமுள்ள பள்ளிகளுக்கான 'டைட்டில் ஒன்' நிதியில் வாங்கியதை வேறு பள்ளிக்கு இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது.

பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்களில் நிதி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30. ஆர்டர் கொடுக்கக் கடைசி நாள் வசந்த காலத்திலேயே முடிந்துவிடும், திரைகளையும் சார்ஜர்களையும் அதற்கு முன் எண்ணிக் கேளுங்கள். ஜூலையில் மாணவர் தகவல் மென்பொருள் எல்லோரையும் அடுத்த வகுப்புக்கு ஏற்றும். அந்த இரவில், வகுப்புப் பட்டியலை மற்ற செயலிகளுக்குக் கொண்டுபோகும் கிளெவர், கிளாஸ்லிங்க் போன்ற இணைப்புகளை நிறுத்தி வைத்து, புதுப் பட்டியல் சரியென்று தெரிந்ததும் திறந்துவிடுங்கள். திறந்தே விட்டால் ஆயிரக்கணக்கான கணக்குகள் வகுப்பில்லாமல் முடங்கும் அபாயம் உண்டு.

டீச்சர்கள் திரும்பும் முந்தைய வாரம் ஒவ்வொரு அறைக்கும் நான்கு நிமிடம் ஒதுக்குங்கள். பேனலை ஆன் செய்து விரலால் ஒரு கோடு, ஒலிக்கு ஒரு வீடியோ, டாக்குமென்ட் கேமரா, ஃபோனை எடுத்து ஆபீஸுக்கு ஒரு அழைப்பு, ஒரு குரோம்புக்கில் வைஃபை. தேறாத அறையின் கதவில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி அடுத்த அறைக்குப் போங்கள். 40 அறை என்றால் ஒரே காலையில் முடியும். ஸ்டிக்கர் ஒட்டிய அறைகளுக்குப் பையோடு மதியம் திரும்பி வரலாம்.